அன்டில் என்றொரு சொல்

சலவைத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில்தான் வகுப்பு நடந்தது. ஷிப்ட் முடிந்த பெண்கள் ஊறிப்போன விரல்களோடு வந்து பெஞ்சுகளில் உட்காருவார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புவது அவர்கள் வேலை. சூப்பர்வைசர்களுக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் கம்பெனி ஒரு டீச்சரை வைத்தது.

டீச்சர் அதுவரை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். வளர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவளுக்குப் புதுசு. போர்டில் இலக்கணம் எழுதுவாள், வாக்கியத்தை உரக்கப் படிப்பாள், எல்லோரையும் திரும்பச் சொல்ல வைப்பாள். கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்பாள். "எஸ் டீச்சர்!" என்று அறையே அதிரும். அதைக் கேட்டால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

முதல் குரல் எப்போதும் ரேடியோவுடையது. வாய் ஓயாமல் பேசுவதால் வந்த பெயர்.

"நான் தூங்குறப்பதான் எங்க வீட்டுக்காரருக்கு நிம்மதியாம் டீச்சர். இப்ப தூக்கத்துலயும் இங்கிலீஷ் பேசுறேன்னு அதுவும் போச்சாம்!" என்று வகுப்பையே சிரிக்க வைப்பாள். டீச்சர் சொன்னதைச் சொன்னபடியே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். பரீட்சையில் முதல் மார்க் அவளுக்குத்தான்.

விரிப்புகளைத் தேய்ப்பதற்குக் கொதிக்கக் கொதிக்கச் சுழலும் இரண்டு பெரிய உருளைகள் உண்டு. ஒருநாள் ரேடியோ போட்ட விரிப்பு சுருண்டு உள்ளே சிக்கி, உருளைகள் நின்றுவிட்டன. சூப்பர்வைசர் சுவரிலிருந்த சுவிட்சை நோக்கி நடந்துகொண்டே கத்தினார்: "டோன்ட் புல் இட் அவுட் அன்டில் ஐ ஸ்விட்ச் இட் ஆஃப்!" நான் நிறுத்துகிறவரை இழுக்காதே என்று அர்த்தம். "அண்டர்ஸ்டாண்ட்?" என்றும் கேட்டார்.

"எஸ் சார்!" என்றாள் ரேடியோ.

மற்ற மெஷின்களின் இரைச்சலில் அவள் பிடித்துக்கொண்டது இரண்டைத்தான். புல் இட் அவுட். ஸ்விட்ச் இட் ஆஃப். மெஷினை நிறுத்தியாச்சு, இழு என்கிறார் என்று எடுத்துக்கொண்டு இழுத்தாள். சிக்கல் விடுபட்டதும் உருளைகள் மறுபடி சுழன்றன. விரிப்போடு சேர்ந்து அவள் வலது கையும் உள்ளே போனது.

ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. டீச்சர் பார்க்கப் போனபோது, லாரி ஓட்டும் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரேடியோதான் பேசினாள்.

"அவர் சொன்னது எல்லாமே நீங்க சொல்லிக்கொடுத்த வார்த்தைதானே டீச்சர்? அப்புறம் எப்படித் தப்பாச்சு?"

"அன்டில்னா என்னன்னு தெரியுமா?"

"போர்டுல எழுதினீங்களே."

"அர்த்தம் புரிஞ்சுதா?"

ரேடியோ கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "எல்லாரும் எஸ்ஸுன்னாங்க. முதல் மார்க் வாங்குறவ நான் மட்டும் எப்படிப் புரியலன்னு சொல்றது?"

டீச்சர் எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "விசாரணைக்கு ஆபீசர் வர்றார். அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்கதானே முதல் மார்க் போட்டீங்க?"

ஆபீசர் முன்னால் டீச்சர் வேறு சொன்னாள். "அவங்களுக்குச் சொல்லத் தெரியும் சார், புரிஞ்சுக்கத் தெரியாது. புரிஞ்சுதான்னு வாயால கேட்டேனே தவிர, ஒருநாளும் சோதிச்சுப் பார்க்கல."

"அப்போ தப்பு உங்க மேலயா?"

"என் மேலயும்தான்."

உண்மையைச் சொன்னால் ரேடியோவுக்கு நியாயம் கிடைக்கும் என்று அவள் நம்பியிருந்தாள். கம்பெனி அந்த "என் மேலயும்தான்" என்ற ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எல்லாப் பழியும் டீச்சர் தலையில் விழுந்தது. சூப்பர்வைசர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். வகுப்பை மூடினார்கள், டீச்சரை வெளியே அனுப்பினார்கள். ஒற்றைக் கைக்கு இங்கே வேலை இல்லை என்று ரேடியோவையும் நிறுத்தினார்கள்.

புண் ஆறிய பிறகு டீச்சர் அவள் வீட்டுக்குப் போனாள். வாசலில் வீட்டுக்காரர் மறித்தார். "சொல்லிக்கொடுக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

"விடுங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. ரேடியோ மெலிந்திருந்தாள். முன்போலப் பேசவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிக்கொடுத்துட்டுப் போங்க."

டீச்சர் சுற்றிலும் பார்த்தாள். குழாயடியில் பக்கெட்டை வைத்துத் திறந்துவிட்டு, ரேடியோவின் இடது கையைக் குழாய்த் திருகின்மேல் வைத்தாள். "டோன்ட் க்ளோஸ் இட் அன்டில் ஐ சே நௌ," என்றாள்.

ரேடியோ உடனே மூடினாள்.

டீச்சர் தலையை ஆட்டினாள். குழாயை மறுபடி திறந்து அதையே நிதானமாகச் சொன்னாள். "புரிஞ்சுதா" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள்.

"நீங்க... நௌன்னு சொல்ற வரைக்கும் மூட மாட்டேன்."

டீச்சர் வாயே திறக்கவில்லை. பக்கெட் நிறைந்தது. தண்ணீர் வழிந்து இருவர் காலையும் நனைத்தது. வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார். திருகின்மேல் இருந்த கை அசையவில்லை.

"நௌ."

ரேடியோ மூடினாள். ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். "இவ்வளவுதானா டீச்சர்? இவ்வளவுதானா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். டீச்சரும் அவள் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு சலவைப் பெண்கள் சிலர் அந்த வீட்டுக்கே வந்து படித்தார்கள். டீச்சர் போர்டு வைக்கவில்லை. எந்த வாக்கியமானாலும் செய்துகாட்ட வைத்தாள். தப்பாகச் செய்தால் தான் சொன்ன விதத்தை மாற்றினாள். எல்லாவற்றுக்கும் முன்னால், புரியவில்லை என்பதை இங்கிலீஷில் உரக்கச் சொல்லப் பழக்கினாள். அதற்குத்தான் அவர்கள் ரொம்பக் கூச்சப்பட்டார்கள்.

ஒருநாள், துவைக்கும் பிரிவில் வேலை செய்பவள் வேலை நேரத்திலேயே வந்து நின்றாள். முகம் செத்திருந்தது.

"சூப்பர்வைசர்கிட்ட புரியலன்னு இங்கிலீஷ்லயே சொன்னேன் டீச்சர். மூணு தடவை சொன்னேன். புரியாதவ எதுக்கு வேலைக்கு வர்றே, வீட்டுக்குப் போன்னுட்டான். நாளைக்குச் சேர்த்துப்பாங்களான்னு தெரியல."

ரேடியோ நகர்ந்து இடம் விட்டாள்.

"ரெண்டு கையோட வந்திருக்கேல்ல? உட்காரு."

அவள் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அன்று பாடம் நடக்கவில்லை.