செப்புப் பந்தயம்

வவுனியாப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் சுதாஜினியும் கிறிஸ்ரியும் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். காதலை ஒருவருக்கொருவர் சொல்லியாயிற்று, வீட்டில்தான் சொல்லவில்லை. அவள் தர்மபுரத்துச் சைவ வயற்காரரின் மகள், அவன் முல்லைத்தீவுக் கடலோரத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, ஊர்ப்பேச்சில் வேதக்காரன். யார் முதலில் வாயைத் திறப்பது என்பதிலேயே நாட்கள் போயின.

செப்பும் சலிசிலிக் அமிலமும் சேர்ந்து உண்டாகும் சேர்வைதான் அவர்களுடைய ஆய்வு. உலோகத்தைப் பிடிக்க அந்த அமிலத்திடம் இரண்டு இடங்கள் உண்டு: காபொட்சில் பக்கம் ஒன்று, அதை அடுத்திருக்கும் ஐதரொட்சில் மற்றது.

"ரெண்டாலயும் பிடிச்சிருக்கும்," என்றான் கிறிஸ்ரி.

"இல்லை, காபொட்சிலால மட்டுந்தான்," என்றாள் சுதாஜினி.

"அப்ப பந்தயம். தோக்கிற ஆள்தான் முதல்ல வீட்டில சொல்லோணும்."

"ஓம்," என்றாள் அவள், யோசிக்காமலே.

தீர்ப்புக்கு அந்தச் சேர்வையின் நல்ல பளிங்கு, தெளிவான படிகம், ஒன்று வேண்டும். எக்ஸ்-கதிர் பாய்ச்சினால் எந்த அணு எங்கே என்று தெரிந்துவிடும். ஆனால் கண்ணாடி முகவையில் ஒவ்வொரு முறையும் பச்சைத் தூள்தான் படிந்தது. கிறிஸ்ரிக்குப் பொறுமை கிடையாது. சும்மா சும்மா முகவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அசையாமல் வளர வேண்டிய பளிங்கைக் கலைத்துவிடுவான். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் புறப்பட்டபோது சுதாஜினி ஒரு முகவையை ஊசித் துளையிட்ட கடதாசியால் மூடி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைக் கையோடு கொண்டுபோய்விட்டாள்.

திரும்பி வந்து திறந்தபோது அடியில் நீலப்பச்சைப் பளிங்கு ஊசிகள் மின்னின. எட்டிப் பார்த்த கிறிஸ்ரி, மூச்சு விடவும் பயந்தவனாகப் பின்னால் நகர்ந்தான்.

பளிங்குகள் கொழும்புக்குப் போயின. மாசிக் கடைசியில் படம் வந்தது. நடுவே செப்பு, காபொட்சில் ஒட்சிசன்கள் அதைப் பிடித்திருந்தன, மிச்ச இடத்தில் தண்ணீர் மூலக்கூறுகள். ஐதரொட்சில் செப்பின் பக்கமே வரவில்லை.

சனிக்கிழமை கிறிஸ்ரி வீட்டுக்குப் போனான். தர்மபுரத்தில் சுதாஜினி தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னேரம் அழைப்பு வந்தது.

"அம்மாட்டச் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னவா?"

"மீன் வெட்டிக்கொண்டு இருந்தவா. 'இதைச் சொல்லவோ இவ்வளவு நாள் இழுத்தடிச்சனி, பிள்ளையை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வா' எண்டவா. கத்தியைக்கூடக் கீழை வைக்கேல்லை."

சுதாஜினி சிரித்தபடியே எழுந்து முற்றத்துக்கு வந்தாள். வென்றவளுக்கு அன்றே சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அவளால் அடக்க முடியவில்லை. காயப்போட்ட நெல்லை அப்பா யோகலிங்கம் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. கிறிஸ்ரி எண்டு பேர்."

அவர் கூட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"போன வருசம் உன்னை மோட்டச்சைக்கிளில கொண்டுவந்து விட்டிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் ஓடின பொடியனோ?"

"ஓம்."

"வேதக்காரர் என்ன?"

"ஓம் அப்பா."

யோகலிங்கம் தலையை ஆட்டினார். "இனி வந்தால் சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு. இப்ப வந்து சாக்கைப் பிடி, மழை வரப்போகுது."

அவள் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். சிரிப்பில் பிடி நழுவி நெல்லில் பாதி வெளியே கொட்டியது. அப்பா கொட்டியதை மறுபடி அள்ளினார்.