கொல்லைப்புறமாக வந்த துடிப்பு

அரை வோல்ட். அதற்கு மேல் இம்மியும் கிடையாது என்று வாடிக்கையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். நெஞ்சில் ஒட்டும் பட்டை அது. உடம்புச் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுத்து இதயத் துடிப்பைப் பெருக்கிக் காட்ட வேண்டும். சில்லு வடிவமைக்கும் அந்தக் கம்பெனியின் பெரியவர் மூன்று நாளாக மல்லுக்கட்டினார். டிரான்சிஸ்டரின் முன்வாசலான கேட்டைத் திறக்கவே அந்த அரை வோல்ட் போய்விட்டது, சிக்னலுக்கு மிச்சமில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி. திரையில் கோடு செத்த பாம்பாகக் கிடந்தது.

வழி ஒன்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அவருடைய தம்பி காட்டியது. கேட்டை நிலையாகத் திறந்து வைத்துவிட்டு, சிக்னலை டிரான்சிஸ்டரின் அடிப்பகுதி வழியாக உள்ளே விடுவது. யாரையும் கேட்காமல் சோதனைச் சில்லே செய்துகொண்டு வந்து நின்றான். பத்துப் பேர் இருந்த கூட்டத்தில் அண்ணன் சொன்னார்: "நம்ம வீட்டு ஆளு முன்வாசல் வழியா வருவான். கொல்லைப்புறமா நுழையறவனுக்கு வேற பேரு."

தம்பி அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவன்தான். வேறு ஊர், வேறு கம்பெனி. மூத்தவர் முதலில் இறங்கி வருவது அந்தக் குடும்பத்தில் இல்லாத வழக்கம். ஆனால் தம்பியின் நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. அவன் சாலிடரிங் அயர்னின் நுனி துடைக்கும் ஸ்பாஞ்சைப் பெரியவரே தினமும் நனைத்து வைத்தார்.

நாலாம் நாள் காலை அவன் இழுப்பறையைத் திறந்தார். கறுப்பு நுரைத்துண்டில் செருகியபடி சில்லு அப்படியே இருந்தது. பலகையில் பொருத்தி, பட்டையைத் தன் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டார். பெருக்கம் குறைவு, இரைச்சல் அதிகம். ஆனாலும் ஸ்பீக்கரில் டிக், டிக் என்று கேட்டது.

"உசிர் இருக்கு சார்!" என்றாள், வரைபடம் போடும் பெண். அலுவலகத்தில் அவளுக்கு வாயாடி என்று பேர். "வடிவமைத்தவர்னு உங்க பேரப் போட்டுடவா?"

"அடுத்தவன் உழைப்புல பேர் வாங்கின குடும்பமா இது? அவன் பேரப் போடு."

"அவர் சம்மதம் வேணுமே. கேளுங்க, போன் கடிக்காது."

அவளை வெளியே அனுப்பிவிட்டு எண்ணை அழுத்தினார். மனப்பாடமாக இருந்த எண்.

"சொல்லுங்கண்ணா." குரலில் ஒட்டுதல் இல்லை.

"உன் பழைய சர்க்யூட்... அரை வோல்ட்ல ஓடுது. உன் பேரப் போடலாமான்னு கேக்கத்தான்."

"ஏன், முன்வாசல் பூட்டிக் கிடக்குதா?"

"அரை வோல்ட்டுக்கு எந்த வாசல்டா திறக்கும்?"

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது போல ஒரு மூச்சு. "இரைச்சல் எவ்வளவு வருது?"

சொன்னார். அவன் திட்டினான், சிக்னல் நுழையும் டிரான்சிஸ்டர் ஜோடியைப் பெரிதாக்கச் சொன்னான். அவர் எழுதிக்கொண்டார். எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

"அண்ணா, பின்னால டிக் டிக்னு கேக்குதே, அது யாரோடது?"

பெரியவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். அணைக்க மறந்திருந்தார். "சும்மா, சோதனைக்கு."

"சோதனைக்கா இப்படி ஓடுது? மாடி ஏறி வந்த மாதிரி இருக்கு."

அவர் விரல் ஸ்பீக்கரின் அணைப்பானுக்குப் போனது. அதற்குள் துடிப்பு இன்னும் வேகமாகப் பேசியது.

அவன் வருகிறேன் என்று சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. பெரியவர் அணைப்பான் மீது வைத்திருந்த விரலை எடுத்துக்கொண்டார்.