சொல்லிவிட்டுத் தூக்க வேண்டும்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில், மழைக்குத் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கூட மூட்டை தூக்கும் ராஜராஜன் தானே சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சிரித்து முடித்த பிறகும் அது என் தோளை விட்டு இறங்கவில்லை, எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "காவிரி பாயும் பொன்னான பூமியிலே, உழைப்பின் சின்னமாக ஒருவன்..."

(நிறுத்திவிட்டேன். அவன் சின்னம் இல்லை. மீசையில் ஒட்டிய டீயைத் துண்டால் துடைத்துக்கொள்கிற ஆள்.)

2

ராஜராஜனுக்கு ஒரு மகள், ஜெயபாரதி. மூன்றாம் வகுப்பு. வீட்டில் வேறு ஆள் இல்லை.*

காலையில் மூட்டை. மத்தியானத்துக்கு மேல் சமுதாயக் கல்லூரியில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர் படிப்பு. தேறினால் ஆஸ்பத்திரியில் நேரம் தெரிந்த வேலை கிடைக்கும் என்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சில நாள் ராத்திரிதான் வரும்; அதுவரை ஜெயபாரதி சாக்குக் கட்டின்மேல் தூங்குவாள். அந்தத் தூக்கத்தை வீட்டுப் பாய்க்கு மாற்ற வேண்டும். அவன் படிப்பதெல்லாம் அதற்குத்தான்.

"பேரு ராஜராஜன், படிக்கிறது பெட்பேன் கழுவ" என்று கோவிந்தராசு சீண்டுவார். அவரும் எங்களோடு மூட்டை தூக்குகிறவர்.

"நீங்க படுத்துக் கெடக்குறப்ப நாந்தாண்ணே வருவேன். இப்பவே மரியாதையா பேசி வச்சுக்குங்க."

* மனைவி எங்கே என்று கேட்பீர்கள். எழுதிப் பார்த்தேன், கதை அவள் பின்னாலேயே போய்விட்டது. டீ குடிக்கும்போது அவன் சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும்? கிழித்துவிட்டேன்.

3

செய்முறைத் தேர்வு நாள். பள்ளிக்கூடம் லீவு. விட்டுவிட்டு வர ஆளில்லாமல் மகளையும் கூட்டிப்போனான். அவள் வாசலில் நின்றாள். கட்டிலில் நோயாளியாகப் படுத்திருந்தது கூடப் படிக்கும் சமீர். அவனைச் சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். பாடம் நடத்தும் மெஹராஜ் பேகம் மேடம், "ம், ஆரம்பிங்க" என்றார்.

(இந்த இடத்தில் ராஜராஜனின் மனப் போராட்டம் என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு சந்தேகம் வந்து அவனையே கேட்டேன். "மனசுல ஒண்ணுமே இல்லண்ணே, முதுகுதான் வேலை செஞ்சுது" என்றான். அந்தப் பக்கமும் போனது.)

முதுகு செய்தது இதுதான்: திரும்பி நின்றது, குனிந்தது, சமீரின் இரண்டு கைகளையும் தோளுக்குமேல் இழுத்து ஒரே உந்தில் அவனை ஏற்றிக்கொண்டது. ஏற்றியதும் கால்கள் தாமாகவே நடந்தன, லாரியைத் தேடி.

"அண்ணே! எறக்குங்கண்ணே! நான் என்ன நெல்லு மூட்டையா?"

வாசலில் ஜெயபாரதி கைகொட்டிச் சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை.

"இடுப்பு ஒடஞ்ச ஆளா இருந்தா என்ன ஆயிருக்கும், ராஜராஜன்?"

சமீரை மெல்லப் படுக்க வைத்தான். காது சுட்டது. மகள் தூங்கும் சாக்குக் கட்டுதான் அப்போது கண்ணில் வந்தது என்று எங்களிடம் சொன்னான்.

"மூட்டைகிட்ட கேக்க வேணாம். மனுஷன சொல்லிட்டுத்தான் தொடணும். இன்னொரு தடவ செய்யுங்க. மார்க்க அப்பறம் பாக்கலாம்."

நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டினான். கட்டிலருகே வந்தான்.

"ஐயா, இப்ப உங்கள எழுப்பி உக்கார வைக்கப் போறேன். என் தோளப் புடிச்சுக்குங்க. வலிச்சா சொல்லுங்க."

சமீர் பிடித்துக்கொண்டான். அவன் நாற்காலியில் உட்கார்ந்தபோது ஒரு சத்தமும் வரவில்லை. மேடம் எதையோ எழுதிக்கொண்டார்.

4

முடிவு.

அ) தேறிவிட்டான். வெள்ளைச் சட்டையில் வந்து எங்களுக்கெல்லாம் லட்டு... (ரொம்ப இனிக்கிறது.)

ஆ) தேறவில்லை. மழையில் நனைந்த சாக்கின்மேல் அந்தப் பிள்ளை... (இதை எழுதக் கை வரவில்லை. நாளைக்கும் அவன் முகத்தில்தானே முழிக்க வேண்டும்?)

தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. எனக்குத் தெரிந்தது அன்று சாயங்காலம் மட்டும். சைக்கிள் கேரியரில் ஏற்ற, எப்போதும்போல மகளின் இடுப்பைப் பிடித்திருக்கிறான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"சொல்லிட்டுத் தூக்குப்பா!"

"அம்மா, இப்ப உங்களத் தூக்கப் போறேன். தோளப் புடிச்சுக்குங்க."

"ம்... தூக்கு. வலிச்சா சொல்றேன்."

வீடுவரை அவள் சிரிப்பு அடங்கவில்லையாம். அவனுக்கும்தான்.

என்னால் சுமக்க முடிந்தது இவ்வளவு. மிச்சத்தை இப்போது உங்கள் கைக்கு மாற்றப் போகிறேன். சொல்லிவிட்டேன். பிடித்துக்கொள்ளுங்கள்.