வெர்னன் போடாத ஓட்டு

செத்துப்போன பிறகு என் புருஷன் வெர்னன் வீட்டுக்கு வருவது தேர்தல் நாளில் மட்டும்தான். போன நவம்பருக்கு முன்னாலேயே இரண்டு தடவை வந்துவிட்டார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். பின்பக்கத்திலிருந்து அவருடைய கல்குவாரி பூட்ஸ் தொம் தொம் என்று நடந்து வந்து வாசல் கதவுக்கு முன்னால் நிற்கும். பார்த்தால் ஒன்றும் இருக்காது. முதுகு சில்லிட்டுப் போகும். இருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வருவேன். என் பிடிவாதம் அப்படி.

அவர் ஏன் வருகிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் குடியரசுக் கட்சி, நான் ஜனநாயகக் கட்சி. பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் எங்கள் சாப்பாட்டு மேசை போர்க்களம்.

"வரியைக் குறைச்சா முதலாளி நாலு பேருக்கு வேலை குடுப்பான்டி" என்பார்.

"கிழிச்சான்! உன் முதுகுவலிக்கு இன்ஷூரன்ஸ் குடுத்தானா அவன்?" என்பேன்.

"உன் ஆளுங்க வந்தா என் துப்பாக்கியில கைவைப்பாங்க."

"உன் ஆளுங்க யூனியன்லயே கைவெச்சாச்சு, போய்யா."

ஒருநாள் தட்டு பறந்தது. எறிந்தது நான்தான். அன்றைக்குத்தான் அவர் சொன்னார்: "ஓபல், உன் ஓட்டு என் ஓட்டை அடிக்குது, என் ஓட்டு உன் ஓட்டை அடிக்குது. யாருக்கு லாபம்? ரெண்டு பேரும் போகவே வேணாம்." கைகுலுக்கிக்கொண்டோம்.

அவர் வார்த்தையைக் காப்பாற்றினார். நான் காப்பாற்றவில்லை. முப்பது வருஷம், ஒவ்வொரு தேர்தல் செவ்வாயும், கடைக்குப் போகிறேன் என்று புளுகிவிட்டு, எங்கள் ஊர் வாக்குச்சாவடியான தீயணைப்பு நிலையத்தில் ஓட்டுப் போட்டேன். உறுத்தல் தாங்காமல் சாயங்காலம் ஆப்பிள் கேக் செய்வேன். மனுஷன் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்பார். பாவம், ஏமாந்தவர் என்று நினைத்திருந்தேன். செத்த பிறகு எப்படியோ தெரிந்துபோய்த்தான் கதவை மறிக்கிறார் என்று பயந்தேன்.

போன நவம்பரில், தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால், அவர் கட்சிக்காக வீடு வீடாகப் போகும் கான்னி வந்தாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் நான் சாப்பாடு போட்டு வளர்ந்தவள்.

"வாடி. செத்தவர்கிட்ட ஓட்டுக் கேக்கவா வந்தே?"

"கோவிச்சுக்காதீங்க. அவர் பேரு பட்டியல்ல இன்னும் இருக்கு. அடிச்சிட்டுப் போகலாம்னு வந்தேன்."

பட்டியலை எட்டிப் பார்த்தேன். அவர் பெயருக்கு எதிரே வரிசையாகக் காலி. என் பெயருக்கு எதிரே ஒன்றுவிடாமல் டிக். யாருக்குப் போட்டோம் என்பதுதான் ரகசியம், போட்டோமா இல்லையா என்பது ஊர் பார்க்கிற விஷயம். இது எனக்கு உறைக்கவே இல்லையே!

"இதை அவர்கிட்ட காட்டினியாடி?"

"நாலு வருஷம் முன்னாடி. 'உங்க வீட்டம்மா போறாங்களே, நீங்களும் வாங்க'ன்னேன். சிரிச்சாரு. 'அவ போறது முதல் தடவையிலிருந்தே எனக்குத் தெரியும். நான் கை குடுத்துட்டேன், போக மாட்டேன். அவகிட்ட சொல்லிடாதே. தேர்தலுக்குத் தேர்தல் கேக் கிடைக்குது, அதைக் கெடுத்துக்குவாங்களா?'ன்னாரு."

கான்னி போன பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். முப்பது வருஷமும் தெரிந்தே தின்றிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை கோட்டை எடுத்தேன். பூட்ஸ் வந்தது. கதவருகே நின்றது.

"இரு வெர்னன். இந்தத் தடவை நான் போகலை" என்று கோட்டைத் திரும்ப ஆணியிலேயே மாட்டினேன்.

அன்று முழுக்க வீட்டைவிட்டு நகரவில்லை. கேக் செய்து இரண்டு தட்டு வைத்தேன். எட்டு மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்தது. "பாரு, வார்த்தையைக் காப்பாத்திட்டேன்" என்றேன். பதிலுக்குத் தரைப் பலகை ஒன்றுகூட முனகவில்லை. வீடு அப்படி வெறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. அவரைப் புதைத்த அன்றுகூட இல்லை.

அப்போதுதான் புரிந்தது, நான் ஏமாற்றிக்கொண்டிருந்த வரைக்கும்தான் வந்தார்; வார்த்தையைக் காப்பாற்றி நானே அவரை அனுப்பிவைத்துவிட்டேன். சண்டாளி, ஒரு நல்லது செய்யப் போய்!

மே மாதம், கட்சிக்குள்ளேயே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வருகிறது. நான் போவேன். கடைக்குப் போகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கோட்டை எடுப்பேன்.