முன்னால் சாம்பல், பின்னால் வெள்ளை

1

2018 நவம்பர் முதல் தேதி, வியாழக்கிழமை காலை, லூசியானாவில் டொனல்ட்சன்வில்லுக்குக் கீழே, மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், லவெர்தூ மாளிகைக்கு எதிரே ஒரு பயணிகள் படகு வந்து நின்றது. மாளிகைத் தோட்டத்தில் இருக்கும் லவெர்தூ குடும்பத்துக் கல்லறைக்கு அந்த ஆண்டு சுண்ணாம்பு அடிக்கப்படவில்லை.

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த வட்டாரத்து வாரப் பத்திரிகையில் செய்தியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது படகில் வேலை. நியூ ஆர்லியன்சிலிருந்து மேலே போகும் வழியில், அடுத்த துறையில் என்ன பார்க்கப் போகிறார்கள் என்று பயணிகளுக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவேன். எங்கள் ஊர்ப்பக்கம் நவம்பர் முதல் தேதி வரும் கல்லறைத் திருநாளை எப்படிக் கொண்டாடுகிறோம் என்று இரண்டு பத்தி எழுதித் தரும்படி படகு நிறுவனம் கேட்டது. பயணிகளுக்குக் கொடுக்கும் தாளில் அச்சிடுவதற்காக.

முதல் பத்தி எளிதாக வந்தது. திருநாளுக்கு முன்பு குடும்பத்தார் கல்லறைகளைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்று காலை செவ்வந்திப் பூ வைப்பார்கள். வெள்ளையாக இருக்கும் கல்லறைக்கு ஆள் இருக்கிறது, கறுத்துப்போன கல்லறைக்கு ஆள் இல்லை. அவ்வளவுதான் வழக்கம்.

இரண்டாவது பத்தியில் ஒதீல் நார்சிஸ் வந்துவிட்டார். அதற்குப் பிறகு அது இரண்டு பத்தியில் அடங்கவில்லை.

2

நான் எழுதி அடித்த தொடக்கங்களை இங்கேயே விட்டுவைக்கிறேன். எதைத் தவிர்த்தேன் என்று வாசகருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

ஒன்று: "ஆற்றங்கரை மேட்டைத் தாண்டியதும் ஓக் மரங்களின் இரண்டு வரிசை, கிளைகளில் பாசி தொங்க, அவற்றின் முடிவில் வெள்ளைத் தூண்கள்—" (இங்கே வருகிற எல்லாரும் இந்த இடத்தில் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். எழுதுகிறவர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அடித்துவிட்டேன்.)

இன்னொன்று: "ஒதீல் வாளியைத் தூக்கியபோது, அவருடைய முன்னோர் அனைவரும் அவர் தோளுக்குப் பின்னால்—" (இல்லை. தோளுக்குப் பின்னால் தம்பி அல்சீட்தான் நின்றார். உப்பு போட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு உதிராமல் பிடிப்பதற்கு ஒரு கை உப்பு போடுவது இங்கே பழக்கம்.)

மூன்றாவது தொடக்கம் இது. ஒதீல் அந்த மாளிகையின் வழிகாட்டி. அவருடைய பாட்டனாருக்குப் பாட்டன் அங்கே அடிமை. விடுதலைக்குப் பிறகும் குடும்பம் நகரவில்லை. அதே கரும்பு வயலில் கூலிக்கு வேலை செய்து, அதே குடிசை வரிசையில் இருந்தது. ஒதீலின் அம்மா கிளோதில்ட், மாளிகைக்குப் பின்னால் கரும்பு வயலின் நடுவே இருக்கும் சிறிய இடுகாட்டில் இருக்கிறார். அங்கே புதைக்கப்பட்ட கடைசி ஆள் அவர்தான். அங்கே போக ஒரே வழி, மாளிகையின் பின்வாசல்.

இதை வைத்துக்கொண்டேன்.

3

அந்தப் பின்வாசலுக்கு எப்போதும் பூட்டு இருந்ததில்லை. அதற்கு ஒரு பேச்சு உண்டு. எழுதப்பட்டது அல்ல, யார் யாரிடம் சொன்னது என்றும் தெரியாது. நார்சிஸ் குடும்பத்தார் ஒவ்வோர் ஆண்டும் லவெர்தூ கல்லறைக்கு முதலில் சுண்ணாம்பு அடிப்பார்கள். வாளியில் மிச்சம் இருப்பதைக் கொண்டுபோய்த் தங்கள் கல்லறைகளுக்கு அடிப்பார்கள். அதற்காகப் பின்வாசலை யாரும் மூடுவதில்லை.

லவெர்தூ குடும்பத்தில் கடைசியாக இருந்தவர் இறந்து, மாளிகை ஒரு நிறுவனத்துக்குக் கைமாறிய பிறகும் இது நடந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதனால் யாரும் நிறுத்தவில்லை.

(வாசகர் இங்கே கோபப்படலாம். நானும் ஒரு வாக்கியம் கோபமாக எழுதிப் பார்த்தேன். ஒதீலிடம் படித்துக் காட்டியபோது, "யாரு இது, இவ்வளவு சத்தமா பேசுறது?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன்.)

4

இந்தக் கதையில் என்னைக் குழப்பியவர் மேலாளர் வேட் கின்னர்ட். கான்சாஸ்காரர். வந்து இரண்டாவது ஆண்டு. அவரைக் கெட்டவராக எழுதினால் கதை வேகமாக நடக்கிறது. முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். அதில் அவருக்கு மெல்லிய உதடுகள் இருந்தன.

உண்மையில் அவர் உதடுகள் சாதாரணமானவை. மிஞ்சி நின்ற ஒரே அடிமைக் குடிசையின் கூரை ஒழுகியபோது தலைமை அலுவலகத்தோடு சண்டை போட்டு அதை மாற்றியவர் அவர். வழிகாட்டிகளுக்கு அவர் கொடுத்த உரையில் "அடிமைகள்" என்று வரவேண்டிய இடத்தில் "பணியாளர்கள்" என்று இருந்ததும் உண்மைதான். ஒதீல் அதை மாற்றிச் சொல்வார். வேட் கேட்டும் கேட்காததுபோல் போய்விடுவார்.

அக்டோபரில் அவர் ஒதீலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். காப்பீட்டுக்காரர்கள் பின்வாசலைப் பூட்டச் சொல்கிறார்கள், அறுவடைக் காலத்தில் டிராக்டர்கள் ஓடுகிற வயலுக்குள் வெளியாட்கள் போகக்கூடாதாம், ஜனவரியிலிருந்து பூட்டு என்றார். பிறகு, திருநாளன்று படகு வருகிறது, பயணிகள் லவெர்தூ கல்லறையில் பூ வைக்கப் போகிறார்கள், தலைமை அலுவலகத்திலிருந்தும் படம் எடுக்க ஆள் வருகிறது என்றார்.

"அந்தக் கல்லறை மட்டும் பளிச்சுன்னு இருக்கட்டும், மிஸ் ஒதீல். அதைக் காட்டி வாசலைப் பத்தி அவங்ககிட்ட நான் பேசுறேன்."

ஒதீல் சரி என்றார். அது இருவருக்கும் நினைவிருக்கிறது.

5

புதன்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. அல்சீட் சொன்னதை எழுதி, ஒதீலிடம் சரிபார்த்தேன். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் இரண்டையும் வைக்கிறேன்.

இரண்டு நாளாக மழை. புதன் காலை விட்டது. சாயங்காலம் மறுபடி வரும் என்று வானொலி சொன்னது. கையில் இருந்தது பாதி நாள். அந்த வாரம்தான் இடுகாட்டைச் சுற்றியிருந்த கரும்பை வெட்டியிருந்தார்கள். வழக்கமாக அந்தப் பாத்தியைக் கடைசியில்தான் வெட்டுவார்கள், திருநாளன்று தலைக்கு மேல் கரும்பு நிற்கும். இந்த முறை மாளிகைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் இடுகாடு தெரிந்தது.

ஒதீல் முதல் நாளே ஊறவைத்த சுண்ணாம்பைக் கலக்கி, வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தார்.

"அக்கா, முன்னாடிதானே முதல்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் இந்தப் பக்கம் போற?"

"வாளி இந்தப் பக்கம் போகுது."

"வாளிக்குக் கால் முளைச்சிருச்சா?"

"உனக்கு மூளை முளைக்கிறதுக்கு முந்தியே முளைச்சிருச்சு. பிரஷை எடு."

அல்சீட் பிரஷை எடுத்தார். ஆனால் வாயை மூடவில்லை. வாசலைக் கடந்ததும் மறுபடி ஆரம்பித்தார்.

"விளையாடாத. அந்தாளு பூட்டுப் போட்டுட்டா, அடுத்த வருஷம் வேலிக்கு வெளிய நின்னுதான் அம்மாவைப் பாக்கணும்."

"அதான் இந்த வருஷம் கிட்ட நின்னு பாக்குறேன்."

(இந்தக் கடைசி வரி கதைக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார் ஒதீல். சொன்னாள், நான் காதால் கேட்டேன் என்கிறார் அல்சீட். சொன்னதாகவே வைத்திருக்கிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.)

அம்மாவின் கல்லறையில் தொடங்கினார்கள். மழையில் சரிந்திருந்த செங்கற்களை எடுத்து வைத்தார்கள், பாசியைச் சுரண்டினார்கள், இரண்டு பூச்சு அடித்தார்கள். பெயர் தெரியாதவர்களின் செங்கல் வரிசைகளுக்கும் அடித்தார்கள். முடிந்தபோது வாளி காலி. மறுபடி கலக்கி முன்பக்கம் வருவதற்குள் ஓக் மரங்களுக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. லவெர்தூ கல்லறை நனைந்து, சாம்பல் நிறத்திலிருந்து கறுப்பாகிக்கொண்டிருந்தது. பின்னால் அடித்தது அதற்குள் காய்ந்திருந்ததால் பிடித்துக்கொண்டது.

6

மறுநாள் எனக்குப் படகில் வேலை இல்லை, காலையிலேயே நான் அங்கே இருந்தேன்.

படகு வருவதற்கு முன்பே பூக்கடை லாரி வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் உர்சின், பக்கத்து ஊரான வாஷரிக்காரர், இதே ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்தவர். பூத்தொட்டிகளைக் கல்லறையில் இறக்கி வைக்கும்படி வேட் தொலைபேசியில் சொல்லியிருந்தார். எந்தக் கல்லறை என்று சொல்லவில்லை. வேட்டுக்குத் தெரிந்து இருந்தது ஒரே கல்லறை.

உர்சின் தோட்டத்தில் வண்டியை நிறுத்தி, முன்னால் இருந்ததைப் பார்த்தார். பின்னால் வெட்டிய வயலுக்கு அப்பால் வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்தார். வண்டியைத் திருப்பி, பின்வாசல் வழியாக வயலுக்குள் போய், மஞ்சள் செவ்வந்தி அத்தனையையும் அங்கே இறக்கினார்.

வேட் ஓடி வந்தபோது உர்சின் தோட்டத்துக்குத் திரும்பி, லவெர்தூ கல்லறைக்கு முன்னால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கல்லறையில வைக்கச் சொன்னேனே."

"வச்சுட்டேனே."

"இந்தக் கல்லறையில."

உர்சின் அதை இன்னொரு முறை பார்த்தார்.

"இதுக்கு ஆளு யாரும் இல்லைன்னு நெனச்சேன் சார். சுண்ணாம்பு அடிக்கலியே."

தொட்டிகளை மறுபடி ஏற்றலாமா என்று வேட் கேட்டார். அதற்குள் படகின் ஊதல் கேட்டது. பயணிகள் கரைமேட்டில் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

ஒதீல்தான் வழிகாட்டி. கூடம், சாப்பாட்டு அறை, சர்க்கரைப் பாகு காய்ச்சிய இரும்புக் கொப்பரைகள், குடிசை என்று வழக்கம்போல் காட்டினார். கூடத்தில் நிற்கும்போதே வழக்கமான கேள்வியும் வந்தது. நீல மழைச்சட்டை போட்ட ஒரு பெண், இவர்கள் நல்ல எசமானர்களாக இருந்தார்களா என்று கேட்டார்.

"அதைச் சமையல்கட்டுல கேக்கணும்மா," என்றார் ஒதீல். "நான் இப்போ உங்களைக் கூடத்துலதானே வச்சிருக்கேன்."

சிலர் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே வந்தார்.

தோட்டத்துக்கு வந்ததும் பூ எங்கே என்று தேடினார்கள். நீல மழைச்சட்டைக்காரர்தான் முதலில் பார்த்தார். ஒதீல் எதையும் காட்டவில்லை. வேட்டும் காட்டவில்லை. பயணிகள் தாங்களாகவே பின்வாசலைத் தள்ளிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தார்கள். படம் எடுக்க வந்தவரும் அவர்கள் பின்னால் போனார்.

அங்கே போனதும், இது லவெர்தூ குடும்பத்தில் யாருடையது என்று கேட்டார்கள்.

"இது எங்க அம்மா," என்றார் ஒதீல்.

நீல மழைச்சட்டைக்காரர் ஒரு தொட்டியை நகர்த்தி, கல்லறையின் விளிம்பில் காலை வைத்திருந்த தன் கணவரைக் கையைப் பிடித்து இழுத்தார்.

7

இங்கே முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

வேட் ஒதீலை வேலையிலிருந்து நீக்குகிறார். (நீக்கவில்லை. அன்று மத்தியானம் ஒதீல் வீட்டில் கம்போக் குழம்பும் சோறும் சாப்பிட அவரும் வந்தார். மிளகாய்ச் சாறை அதிகம் ஊற்றிக்கொண்டு அவதிப்பட்டார். சரி என்று சொன்னீர்களே, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். ஒதீல் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.)

வேட் அந்த இடுகாட்டில் தொப்பியைக் கழற்றி, கண் கலங்கி— (அவர் தொப்பி போடுவதில்லை.)

மூன்றாவதில் ஒதீல் பயணிகளிடம் ஒரு நீண்ட உரை ஆற்றினார். நன்றாகவே எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன், ஏனென்றால் அதில் பேசியது நான்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. வாசல் போய்விடும் என்று தெரிந்தும் ஒதீல் ஏன் பின்னால் முதலில் போனார்? வாசல் எப்படியும் போகத்தான் போகிறது என்று முடிவுகட்டிவிட்டாள் என்கிறார் அல்சீட். மழைக்குப் பயந்து, தூரமான வேலையை முதலில் முடிக்கப் பார்த்தார், முன்பக்கத்துக்கு நேரம் இருக்கும் என்று நம்பினார் என்பது வேட்டின் எண்ணம். அப்படி எண்ணுவது அவருக்கும் வசதி. ஒதீலிடமே கேட்டேன்.

"வெயில் அந்தப் பக்கம் அடிச்சுது," என்றார்.

இன்னும் பத்திரிகைக்காரனாக இருந்திருந்தால் அதை அப்படியே மேற்கோளில் போட்டு முடித்திருப்பேன். இப்போதும் அதற்கு மேல் செய்ய என்னால் முடியவில்லை. மூன்றில் ஒன்றை வாசகர் எடுத்துக்கொள்ளலாம். நான்காவது ஒன்று தெரிந்தால் அதையும்.

8

என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

படங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போயின. பின்வாசலுக்குப் பூட்டுப் போடும் யோசனை கைவிடப்பட்டது. காப்பீட்டுக்காரர்களிடம் பேசி, வயலுக்குக் குறுக்கே சரளைக்கல் பாதை போட்டு வேலி அமைத்தார்கள். அடுத்த வசந்தத்திலிருந்து மாளிகையைச் சுற்றிக்காட்டும்போது கடைசியாக நிற்கும் இடம் அந்த இடுகாடுதான். லவெர்தூ கல்லறைக்குப் பேட்டன் ரூஜ் நகரத்திலிருந்து ஒப்பந்தக்காரர் வந்து வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறார்.

படகுத் தாளுக்கு நான் கொடுத்தது முதல் பத்தி மட்டும்.

ஒதீல் பயணிகளைக் கூடம், சாப்பாட்டு அறை, கொப்பரைகள், குடிசை என்று காட்டி, பின்வாசல் வரை கூட்டி வருகிறார். அங்கிருந்து, ஒதீல் கேட்டுக்கொண்டபடி, வேறொரு வழிகாட்டி அழைத்துப் போகிறார். அவர்கள் திரும்பி வரும்வரை ஒதீல் வாசலில் நிற்கிறார். நவம்பர் முதல் தேதி மட்டும் அந்த இடம் நார்சிஸ் குடும்பத்துக்கு, பயணிகளுக்குக் கிடையாது.