முகம் கழுவும்போது சாய்கிறவர்

1

தேவசகாயம் முகத்துக்குச் சோப்புப் போடும்போது மட்டும் சாய்கிறார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

இந்த இரண்டு வாக்கியங்களும் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தவை. சிதம்பரம் மேல வீதியில் காலை நடை முடித்து வீட்டுக்கு வந்து, கண்ணில் நுரையோடு குழாயடியில் நின்றேன். உலகம் போய்விட்டது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. அந்த இருட்டில் என் உடம்பு முன்னும் பின்னும், தண்ணீரில் கட்டிய படகைப் போல மெல்ல அசைவதை முதன்முதலாகக் கவனித்தேன். இத்தனை வருடங்களும் அசைந்துகொண்டுதான் இருந்திருக்கும். உடனே அந்த நுரைக்குள் இன்னொருவர் வந்து நின்றார். என்னைவிட அதிகமாக அசைகிறவர். கண்ணைத் திறந்து துண்டைத் தேடியபோது அவருக்கு ஒரு பெயரும் கடலூர் முதுநகரில் ஒரு வீடும் இருந்தன.

கதை பிறந்தது இப்படித்தான். அவரை எப்படி நிமிர்த்துவது என்பது எழுதத் தொடங்கும்போது எனக்கும் தெரியாது.

2

தொடக்கங்கள்.

"உப்பனாற்றின் மேல் பொழுது புலர்ந்தது. படகுகள் ஒவ்வொன்றாக—"

[விட்டுவிட்டேன். பொழுது புலர்வதற்குத் தேவசகாயம் வேண்டியதில்லை.]

"சர்க்கரை நோய் உள்ளவர்கள் அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டிய—"

[இது மருத்துவமனைச் சுவரில் ஒட்டும் தாள். எனக்கு இப்படி எழுதுவதில் ஆசை அதிகம். அதனால்தான் அடித்தேன்.]

"தைலம்மாள் குளியலறையிலிருந்து ஒரு கை நிறைய மிட்டாய்க் காகிதங்களோடு வெளியே வந்தார்."

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

"என்னாங்க இது? பாத்ரூம்ல எல்.கே.ஜி. புள்ளைங்க யாராச்சும் குடி வந்துருக்காங்களா?"

தேவசகாயம் செய்தித்தாளை இறக்கவில்லை. "லோ சுகர் வருது தைலா. மூஞ்சி கழுவுறப்ப அப்படியே தள்ளுது. ஒண்ணு வாயில போட்டா நின்னுடுது."

"மூஞ்சி கழுவுனா சுகர் எறங்குதா? அப்ப டாக்டரு எதுக்கு மாத்திர எழுதுறாரு? போயி ரெண்டு தடவ மூஞ்சி கழுவுங்கன்னு அனுப்பிட வேண்டியதுதானே?"

ரயிலடியில் சரக்குக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் தேவசகாயம். பல வருடங்களாகச் சர்க்கரை. ஒழுங்கானவர். தேநீரில் இனிப்பு இல்லை, காலையில் நடை, ராத்திரிக்குக் கேழ்வரகு. இவ்வளவும் செய்துவிட்டு, சோப்பு டப்பாவுக்குப் பின்னால் ஆரஞ்சு மிட்டாய்களை ஒளித்து வைத்திருந்தார். தலை சுற்றினால் சர்க்கரை இறங்கிவிட்டது, இனிப்பு வாயில் போடு: இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

(மிட்டாய் ஏன் வேலை செய்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பொறுக்கவில்லை. சாய்வு வரும். அவர் அவசரமாக நுரையைக் கழுவுவார். கண்ணைத் திறப்பார். மிட்டாயைப் பிரிப்பார். பிரிக்கும்போதே சாய்வு நின்றிருக்கும். பெயர் மட்டும் மிட்டாய்க்குப் போய்விடும்.)

3

ஒரு பாத்திரத்தை நான் நம்புவதற்கு, அவர் இழக்கப் பயப்படுவது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தேவசகாயம் ஒருமுறை விழுந்திருக்கிறார். வாளியின் விளிம்பில் நெற்றி இடித்தது. சிதம்பரத்தில் வங்கியில் வேலை பார்க்கும் மகள் ரேகா அன்று மாலையே வந்து, பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னாள்: "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்கூட வந்துடணும். அப்புறம் பேச்சே கெடையாது."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவருக்கு அவ்வளவு பயம்.

பூட்டப்படப்போவது வீடு மட்டும் இல்லை. அந்தக் காலை நடையும்தான். ஆறும் கடலும் சேரும் இடத்தில் எது தண்ணீர், எது வானம் என்று பிரிக்க முடியாத வெள்ளைப் புகை. படகு தெரியாது, எஞ்சின் சத்தம் மட்டும் வரும். பிறகு ஒரு மூக்கு, அதன் பின்னால் ஒரு படகு, அதில் நின்றுகொண்டே தூங்குகிற ஒருவர். தேவசகாயம் அந்தப் படகுகளுக்காகவே இருபுறமும் கையை வீசி நடப்பார். கூட நடப்பவர் ராஜமாணிக்கம், பழைய சிநேகிதர், உறவு இல்லாமலே மாமா என்று கூப்பிடுகிறவர்.

"என்னா மாமா, தரையவே பாத்துக்கினு நடக்கிற? எதுனா தொலைச்சிட்டியா?"

"உன் வயச தேடுறன்டா. எங்கியோ கொட்டிட்டுப் போயிருக்க."

இருவரும் சிரித்தார்கள். பதில் நன்றாக இருந்தது, கேள்வி மறந்துபோனது. அன்று வீடு திரும்பியதும், அவர் கழற்றிய செருப்பை உதறிய தைலம்மாள் அதிலிருந்து விழுந்த ஒரு கிளிஞ்சல் துண்டை எடுத்துக் காட்டினார்.

"இதோடயா நடந்து வந்தீங்க? குத்தல?"

"ஒழைச்ச காலு தைலா. இதெல்லாம் ஒறைக்காது."

பெருமையாகத்தான் சொன்னார்.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மாதாமாதம் டாக்டரைப் பார்க்கிற ஒழுங்கான மனிதர் இந்தச் சாய்வை ஏன் அவரிடம் சொல்லவில்லை? இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு புரிந்தது. டாக்டரிடம் சொன்னால், லோ சுகர் என்று தைலம்மாளிடம் சொல்லி வைத்தது நிற்காது, தைலம்மாள் பயந்தால் ரேகாவுக்குத் தெரியும். மிட்டாய் யாரிடமும் சொல்லாது.]

4

முதுநகர் சர்ச்சில் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். கல்யாணமான மறுவாரமும் அப்படித்தான் நின்றார்கள், இன்றைக்கும் அப்படித்தான். நீண்ட ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்து கண்ணை மூடும்போது, இடப்பக்கத்தில் தேவசகாயம் நாணல் போல ஆடுவார். பின்னால் நிற்பவர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். "அண்ணன் ஜெபத்துல எப்படி உருகுறாரு பாத்தியா" என்று ஒருவர் சொன்னது தைலம்மாள் காதிலும் விழுந்தது. அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் சந்தேகமும், வீட்டு ஜெபத்தில் உட்கார்ந்தபடி தூங்குகிற மனிதர் ஆயிற்றே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சிதம்பரத்துக்கு, ரேகாவின் வீட்டுக்கு வந்தார்கள். அவள் போகும் சர்ச்சில் குடும்பம் குடும்பமாக உட்காருகிறார்கள். தைலம்மாள் முதன்முதலாகக் கணவரின் பக்கத்தில் நின்று ஜெபித்தார். இடம் நெருக்கம். கண்கள் மூடின. தேவசகாயம் சாய்வுக்காகக் காத்திருந்தார்.

வரவில்லை.

ஜெபம் முடிந்து வெளியே வந்ததும் மகிழ்ச்சியில் வாயை விட்டுவிட்டார். "இன்னிக்கி ஆட்டமே இல்ல."

"எந்த ஆட்டம்?" என்றாள் ரேகா.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. மிட்டாய், வாளியில் இடித்த உண்மைக் காரணம், சர்ச் ஆட்டம். ரேகா கோபப்படவில்லை, அதைவிட மோசம், சந்தோஷப்பட்டாள். "பாத்தீங்களா! கடலூர்ல ஆடுது, இங்க ஆடல. இந்த ஊரு தண்ணி உங்களுக்கு ஒத்துக்குதுப்பா. அப்புறம் என்னா? வந்துடுங்க."

அவருடைய உடம்பே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

5

முடிவுகள்.

(அ) அவர்கள் சிதம்பரம் வந்துவிடுகிறார்கள். உப்பனாற்றில் ராஜமாணிக்கம் தனியாக நடக்கிறார். எழுதிப் பார்த்தேன். ஆனால் புதிர் அப்படியே கிடக்கிறது. சிதம்பரத்துக் குளியலறையிலும் சோப்பு இருக்குமே?

(ஆ) அவர் மறுபடி விழுகிறார். மாட்டேன்.

(இ) ஒரு டாக்டர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். இந்த டாக்டர் எனக்கு ரொம்பப் பிடித்தவர், ஏனென்றால் அவர் நான்தான். கதைக்குள் விடாமல் இந்தப் பகுதியில் மட்டும் பேச விடுகிறேன்.

நீங்கள் ஒரு சுவருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். கை எட்டும் தூரம் இருக்கட்டும். பாதங்களைச் சேர்த்துவைத்துக் கண்ணை மூடுங்கள். அசைகிறீர்கள், இல்லையா? பயப்பட வேண்டாம். நிற்பது என்பது விழத் தொடங்கி விழத் தொடங்கித் திருத்திக்கொள்ளும் வேலை. எந்தப் பக்கம் விழுகிறோம் என்ற செய்தியை மூன்று பேர் மூளைக்குச் சொல்கிறார்கள். கண். காதுக்குள் அசையும் நீர். மூன்றாவது பாதம்: குதிகாலில் அழுத்தம் கூடினால் பின்னால் சாய்கிறோம், விரல்களில் கூடினால் முன்னால். ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் ஜாஸ்தியாக ஓடினால் உடம்பின் மிக நீளமான நரம்புகள் முதலில் களைக்கும். மிக நீளமானவை பாதம் வரை போகிறவை.* அப்போது பாதம் பேச்சைக் குறைத்துக்கொள்ளும், கண் அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும். தரையைப் பார்த்து நடப்பது அதனால்தான். அந்தக் கண்ணையும் நுரை மூடிவிட்டால்?

* கிளிஞ்சல் குத்தாததைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை. பாதத்தில் உணர்வு பெரும்பாலும் இப்படி வலியில்லாமல் குறையத் துவங்குவதால்தான், சர்க்கரை உள்ளவர்கள் தினமும் தங்கள் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

(சிதம்பரத்தில் உட்கார்ந்து நிற்பதைப் பற்றி எழுதுகிறவனுக்கு ஓர் உவமை கோபுர வாசலிலேயே தயாராக இருக்கிறது. தூக்கிய திருவடி. எடுக்கப்போவதில்லை.)

சாய்வுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் ரேகாவின் சர்ச்சில் ஏன் சாயவில்லை என்பது கிடைக்கவில்லை. அதை நான் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

6

அதே ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், ரேகாவின் வீட்டுக் குளியலறையில் தேவசகாயம் முகத்துக்குச் சோப்புப் போட்டார். சாய்ந்தார். குழாயைப் பிடித்துக்கொண்டு, நுரை வழிய, சிரித்தார்.

"ஊரு தண்ணி இல்ல!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தார். "இங்கியும் ஆடுது!"

ஆடுகிறது என்பதில் ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு ரேகா பார்த்ததில்லை. அவர் கூடத்தில் நடுவாக நின்றார். காலையில் சர்ச்சில் என்ன இருந்தது, பாத்ரூமில் என்ன இல்லை? அங்கேயும் கண்ணை மூடினார். இங்கேயும் மூடினார். தண்ணீர் ஒன்றுதான், ஊர் ஒன்றுதான்.

"தைலா, இங்க வா. காலையில நின்ன மாதிரி பக்கத்துல நில்லு."

"பொண்ணு பாக்குது. என்னா இது இந்த வயசுல?"

"நில்லுன்றன்."

தைலம்மாள் ஓரடி தள்ளி நின்றார். தேவசகாயம் கண்ணை மூடினார். நாணல் ஆடத் தொடங்கியது. ரேகா பதறிக் கையை நீட்டும் முன் தைலம்மாள் அருகில் வந்துவிட்டார். அவருடைய முழங்கை கணவரின் கையை உரசியது. தாங்கவில்லை, பிடிக்கவில்லை, உரசியது அவ்வளவுதான்.

ஆட்டம் அடங்கியது.

மின்விசிறி சுற்றியது. தேவசகாயத்தின் மூடிய கண்களுக்குள் அப்போது என்ன தெரிந்தது என்று எழுத எனக்கு ஆசை. உப்பனாறு என்று நினைக்கிறேன். கரையில் கட்டிய படகு. கயிறு தொய்வாகத்தான் இருக்கிறது, ஆனாலும் படகுக்குக் கரை எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

"இத்தினி வருசம் சர்ச்சுல அந்தப் பக்கம் நிக்க வெச்சிட்டானுங்களே" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"தைலம்மாள் ஒரு பொறுமையான மனைவி, அவர் இனி எப்போதும் கணவரின் பக்கத்தில்—"

[இந்த வாக்கியத்தை எழுதும்போதே தைலம்மாள் குறுக்கே வந்துவிட்டார்.]

"அதுக்குன்னு டெய்லி பாத்ரூமுக்கு நான் கூடவே வருவேன்னு பாக்காதீங்க. எனக்கு வேல இருக்கு. அந்தச் சுவரத் தொட்டுப் பாருங்க."

தேவசகாயம் ஒரு விரலை நீட்டிச் சுவரைத் தொட்டார். தபால் தலையை ஒட்டும் அழுத்தம்கூட இல்லை. மறுபடி கண்ணை மூடினார். ரேகா அவர் தோள்களையே பார்த்தாள். சுவரில் மாட்டிய படம் போல நின்றார்.

(விரல் அவரைத் தாங்கவில்லை. அசையாத ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல், உடம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று மூளைக்குச் சொல்லிவிடுகிறது. பாதம் சொல்லாமல் விட்ட செய்தி அது. இதை நான் முதலில் படித்தபோது எழுந்து போய் வீட்டுச் சுவர்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன்.)

7

மறுநாள் சிதம்பரத்திலேயே ஒரு டாக்டர், அவர் கால் கட்டைவிரல் எலும்பில், தட்டி அதிரவிட்ட இசைக்கவை (ட்யூனிங் ஃபோர்க்) ஒன்றை வைத்தார். சத்தம் காதுக்குக் கேட்டது, அதிர்வு காலுக்குத் தெரியவில்லை. மருந்தை மாற்றினார். மிட்டாயை நிறுத்தினார், தலை சுற்றினால் முதலில் கருவியில் சர்க்கரையைப் பாருங்கள், நிஜமாகவே இறங்கியிருந்தால் மட்டும் இனிப்பு என்றார். செருப்பை உதறிவிட்டுப் போடச் சொன்னார். பல் தேய்க்கும்போது, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக நின்று பழகச் சொன்னார். உடம்பு கற்றுக்கொள்ளும் என்றார்.

இப்போது சிதம்பரம் ரயிலடி. கடலூர்ப் பக்கம் போகும் வண்டி வருகிறது. தைலம்மாள் பையைத் தூக்கிவிட்டார். ஞாயிறன்று ஆட்டம் தெரிந்ததும் வாங்கி வைத்துக்கொண்ட முதுநகர் வீட்டுச் சாவியை ரேகா கையில் வைத்திருக்கிறாள், இன்னும் கொடுக்கவில்லை.

"நெஜமா விழ மாட்டீங்களாப்பா?" என்கிறாள்.

அவள் சாவியைக் கொடுத்தாளா என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சுவர்ப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். கண்ணை மூடி, தேவசகாயம் சொன்ன பதிலைச் செய்து பார்த்துவிட்டு, ரேகாவாக இருந்து முடிவு செய்யுங்கள். அவர் சொன்ன பதில் இது:

கண்ணை மூடுறதுக்கு முன்ன இடது கை வெரல் ஒண்ண சுவத்துல வெச்சுக்கணும். வலது கையால சோப்புப் போட்டு மூஞ்சி கழுவணும். கண்ணத் தொறந்த பொறவுதான் வெரல எடுக்கணும்.