பூசி மறைத்த துத்தநாகம்

உப்பு லாரியின் பின்பக்கத்திலிருந்து அந்த இரும்புச் சுக்கானைக் கிறிஸ்துராஜ் இறக்கி வைக்கவில்லை, காலால் தள்ளிவிட்டான். செல்லச்சாமியின் பட்டறை வாசலில் அது விழுந்த ஓசையில், சாத்தூர் மெயின் ரோட்டின் எதிர்ப்பக்கம் தீப்பெட்டிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, வெளிய வாங்க. உங்க கைவேலை வந்திருக்கு.”

செல்லச்சாமி கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். நான்கு மாதங்களுக்கு முன், 1961 பிப்ரவரியில், இதே சுக்கானைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர் அவர்தான். வேம்பாற்றுக் கடலில் ஓடும் கிறிஸ்துராஜின் மோட்டார் படகைத் திருப்புகிற தகடு அது. படகின் பின்னால் தண்ணீருக்குள், படகைத் தள்ளும் வெண்கல விசிறியை ஒட்டித் தொங்குவது. தூத்துக்குடிப் பட்டறைகளில் இரண்டு மாதம் காத்திருக்கச் சொன்னதால், உப்பு லாரி வந்துபோகும் சாத்தூருக்கு அதைக் கொண்டுவந்திருந்தான்.

கீல்களைப் பிடித்திருந்த ஆறு பித்தளை போல்ட்டுகளில் நான்கைக் காணவில்லை. அவை இருந்த துளைகளைச் சுற்றி இரும்பு, கரையான் தின்ற பலகையைப் போல உதிர்ந்து கிடந்தது.

“நாலு போல்ட்டு எங்கன போச்சு?” என்றார் செல்லச்சாமி.

“கடல்கிட்டப் போய்க் கேளுங்க. சுக்கான் கழண்டு தொங்கிருச்சு. படகு நேரா பாறையில ஏறிருச்சு. என் தம்பி சேசுராஜ் தொடை முறிஞ்சு, மதுரைப் பெரியாஸ்பத்திரியில கால்ல கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் கெடக்கான்.”

செல்லச்சாமியின் முகம் வெளிறியது. ஆனால் வாய் தன் பழைய வழக்கத்தை விடவில்லை. “பித்தளை ஏமாத்தாது தம்பி. சிவகாசி முச்சூடும் போய்க் கேளு.”

சிவகாசியில் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். பட்டாசுக் கம்பெனிகளின் மருந்து கலக்கும் அறைகளில் கதவுக்கும் சன்னலுக்கும் பித்தளைக் கீலும் செம்பு ஆணியும் அடிப்பதில் அவரைவிட நம்பகமானவர் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அப்படி ஓர் அறையின் கதவில் யாரோ அடித்த இரும்பு ஆணி தளர்ந்து, உரசி, பொறி தெறித்தது. கருகிய நான்கு பெண்களில் ஒருத்தி அவருடைய தங்கை சண்முகத்தாய். மறுநாளே பட்டறையிலிருந்த இரும்பு ஆணி, இரும்பு போல்ட்டு அனைத்தையும் கூடையில் வாரி வெளியே கொட்டினார். அதன்பின் அவர் கையால் எதிலும் இரும்பு முடுக்கியதில்லை.

“பழையபடி இரும்பு போல்ட்டு போடுங்கன்னுதான சொன்னேன்? மேல கொஞ்சம் நல்லது செய்யச் சொல்லி உங்களைக் கேட்டது யாரு?”

“இரும்பு துருப்பிடிக்கும்லே!”

“துருப்பிடிக்க வச்சதே நீங்கதான்! உப்புத்தண்ணியில பித்தளையும் இரும்பும் ஒட்டிக் கெடந்தா பித்தளை சொகமா இருக்கும், இரும்பு கரைஞ்சு போகும்னு துறைமுகத்து ஃபிட்டர் தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்லுதாரு. அந்த வெண்கல விசிறி ஒண்ணுக்கே பயந்துதான் சுக்கான்ல நாகக்கட்டி வைக்கிறது. அதையாவது உருப்படியா வச்சீகளா?”

நாகம் என்று அவன் சொன்னது துத்தநாகத்தை. சுக்கானின் பக்கவாட்டில் செங்கல்லில் பாதியளவு துத்தநாகக் கட்டி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. சிவகாசி லித்தோ அச்சகங்கள் தேய்ந்து கழித்த துத்தநாகத் தகடுகளை வாங்கி உருக்கி, செல்லச்சாமி அருமையாக வார்த்த கட்டி அது. வார்த்ததோடு நிற்காமல், அதன் முதுகிலும் முகத்திலும் இரண்டு பூச்சுச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்.

“பழைய கட்டி தேன்கூடு கணக்கா அரிச்சுப் போயிருந்துச்சு. மட்டமான சரக்குன்னு நெனச்சேன். புதுசாவது நிக்கட்டும்னுதான் பூசினேன்.”

“அரிச்சுப் போறதுக்குத்தானய்யா அதை வைக்கிறது! இரும்பைத் திங்க வர்ற கடலு, இதைத் தின்னுட்டு வயிறு நெறஞ்சு போகட்டும்னு. ஆட்டுக்கெடைக்கு ஒருத்தன் காவல்நாய் வாங்கினானாம். நரி நாயைக் கடிச்சிரும்னு அதைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினானாம். காலையில பாத்தா நாயி கொழுகொழுன்னு இருந்துச்சாம். ஆடு ஒண்ணு மிச்சமில்லையாம்.”

எதிர்ப்பக்கம் யாரோ சிரித்தார்கள். செல்லச்சாமிக்குக் காதுவரை சிவந்தது.

“ஏலே, நாக்கை அடக்கு. எனக்கா பாடம் நடத்துறே?”

உளியை எடுத்து, அவனைப் பொய்யனாக்கிவிடும் வேகத்தோடு, கட்டியின் மேலிருந்த பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே துத்தநாகம் பளபளத்தது. நான்கு மாதம் கடலில் கிடந்தும் ஒரு மூலை மழுங்கவில்லை. அவர் அரம் போட்ட கீறல்கள்கூட அன்று போட்டவை போலிருந்தன. பக்கத்திலேயே, அது காப்பாற்றியிருக்க வேண்டிய இரும்பு விரல் பட்டதும் பொடியானது. உளி அவர் கையிலேயே நின்றது. வந்தவன்மேல் பாய்ந்துகொண்டிருந்த கோபம் திரும்பி, பாய வேறு ஆள் இல்லாமல், அவர்மேலேயே விழுந்தது.

“இரும்பு போல்ட்டு போட்டுக் குடுங்க,” என்றான் கிறிஸ்துராஜ். “லாரி மூணு மணிக்குக் கெளம்புது. நாளக்கழிச்சு படகு எறங்கியே ஆகணும். சேசுராஜ் எடத்துல எங்கய்யா ஏறுதாரு. அறுவத்தெட்டு வயசு.”

“இந்தப் பட்டறைக்குள்ள இரும்பு போல்ட்டு வராது. காரணம் உனக்கே தெரியும்.”

“தெரியும். ஊரே சொல்லிச்சு. என் படகுல மருந்தா கலக்குதோம், பொறி தெறிக்க? தண்ணிக்குள்ள கெடக்குற சாமான் அது! உங்க தங்கச்சியை இரும்பு கொன்னுச்சு. என் தம்பியைப் பித்தளை கொல்லப் பாத்துச்சு. அதுக்கு என்ன சொல்லுதீக?”

செல்லச்சாமி மிஞ்சியிருந்த இரண்டு பித்தளை போல்ட்டுகளையும் வெட்டியெடுத்துச் சுவரில் வீசியடித்தார். பிறகு செருப்பில்லாமல் வெயிலில் இறங்கி, வண்டிச் சக்கரங்களுக்குப் பட்டை மாட்டும் நாகையாவின் உலைக்கு நடந்தார்.

“என்ன அண்ணாச்சி, பாதை தப்பி வந்துட்டீகளா?” என்று சிரித்தார் நாகையா.

“வாயை மூடிக்கிட்டு ஆறு இரும்பு போல்ட்டு எடும். கனமான தகடு ரெண்டு.”

நாகையா சிரிப்பை விழுங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்.

பட்டறைக்குத் திரும்பிய செல்லச்சாமி, அரித்த பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டை வைத்துத் தறைந்து இறுக்கினார். உருக்கிய துத்தநாகத்தில் போல்ட்டுகளை முக்கியெடுத்தார். சாணைக்கல்லில் தகட்டின் விளிம்பைப் பிடித்தபோது பொறி பறந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், விளிம்பு முழுவதையும் தேய்த்து முடித்தார். கட்டியின் பெயிண்ட் ஒரு பொட்டும் இல்லாமல் சுரண்டி, இரும்பும் துத்தநாகமும் வெற்றுடம்போடு ஒட்டும்படி அரம் போட்டு முடுக்கினார். மூன்று மணிநேரத்தில் இருவரும் பேசிய ஒரே சொல் “பிடி” என்பதுதான்.

லாரி ஹாரன் அடித்தது. சுக்கானை ஏற்றியபின், செல்லச்சாமி திருப்புளிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பலகையில் கால் வைத்தார்.

“நீங்க எங்க ஏறுதீக?”

“அங்கன போய் மாட்டுறது நான். அடுத்தவன் கையில குடுத்துட்டு இன்னொரு தடவை நடுரோட்டுல ஏச்சு வாங்க மாட்டேன். உங்கய்யா ஏறுற படகுல நானும் ஏறுறேன்.”

“நீச்சல் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது. ஒழுங்கா மாட்டுறதுக்கு அந்தப் பயமே போதும். வண்டியை எடுக்கச் சொல்லுலே.”